பதின்வயதுக் கர்ப்பத் தடுப்புத் திட்டம் பலன் தந்ததா? தாராவியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

வருகைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ‘ஊர்’ என்று ஒரே ஒரு சொல். மும்பை தாராவியில், தமிழ்க் குடும்பங்கள் வாழும் 90 அடிச் சாலைக்குப் பின்னால், செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப் போகும் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைதோறும் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. ‘ஊர்’ என்றால் திருநெல்வேலிப் பக்கம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பெடுத்த அக்கா, “அவ இனிமே வரமாட்டா, பேரை அடிச்சிருங்க” என்றார். அடித்தேன். வருடக் கடைசியில் மிச்சமிருந்தவர்களை வைத்துச் சதவீதம் போட்டு, திட்டம் அமோக வெற்றி என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அதே பெண் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்தாள். பதினேழு முடியவில்லை. நாங்கள் எதைத் தடுக்க வகுப்பு நடத்தினோமோ அது அவளுக்கு நடந்திருந்தது. என் அறிக்கையில் மட்டும் நடக்கவில்லை.

அந்த அறிக்கையை இப்போது திரும்ப எழுதச் சொன்னால் எந்த வரிசையில் வேலை செய்வேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சின்ன அமைப்புகள், மகளிர் மண்டல்கள், சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள், நிதி தருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

படி 1: எதைத் தடுக்கிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

சுலபமான வேலை போலத் தெரியும். குழுவில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ‘காதல் விவகாரம்’ என்பார், ஒருவர் ‘குழந்தைத் திருமணம்’ என்பார், நிதி தருகிறவர் ‘டீன் ஏஜ் ப்ரெக்னன்ஸி’ என்பார். மூன்றும் வேறு வேறு.

நம் நாட்டில் பதின்வயதுப் பிரசவங்களில் பெரும்பாலானவை கல்யாணத்துக்குள் நடப்பவை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். மகாராஷ்டிராவில் அது 7.6. அதே சுற்றில் 20-24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் இந்திய அளவில் 23.3 சதவீதம், மகாராஷ்டிராவில் 21.9, தமிழ்நாட்டில் 12.8. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பையனை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால், கல்யாணப் பத்திரிகையோடு வரும் கர்ப்பம் கண்ணில் படாமலே போய்விடும்.

வயதையும் பிரித்துக்கொள்ளுங்கள். 15-19 என்ற கட்டத்தில் 18, 19 வயதில் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்களும் வருவார்கள். ‘18 முடியும் முன் கருவுற்றவர்கள்’ என்று ஒரு கணக்கு, ‘20 முடியும் முன் முதல் பிரசவம்’ என்று இன்னொரு கணக்கு, இரண்டையும் கலக்காதீர்கள். வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொள்வது நல்லது. வாய்வார்த்தையாகச் சொல்லும் வயது முகூர்த்த மாதம் நெருங்கினால் இரண்டு கூடும்.

படி 2: வகுப்புக்கும் கர்ப்பத்துக்கும் நடுவில் என்ன நடக்க வேண்டும்?

சனிக்கிழமை வகுப்பு எப்படி ஒரு கர்ப்பத்தைத் தள்ளிப்போடும்? இதற்குப் பதில் இல்லாமல் அளக்கத் தொடங்கினால் கையில் கிடைத்ததை எல்லாம் அளந்து வைப்போம். எங்கள் பாதை இப்படி இருந்திருக்க வேண்டும்: பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிகிறது, வீட்டில் ஒருவரிடமாவது வாய் திறந்து பேச முடிகிறது, பத்தாவதுக்குப் பிறகும் படிப்பு தொடர்கிறது, கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது, கல்யாணமே ஆனாலும் முதல் குழந்தையைத் தள்ளிப்போட வழி தெரிகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அளக்கத்தக்க ஒரு விஷயம் இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். கல்யாணமான மூன்றாவது மாதமே “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று மாமியார் வீடு கேட்கத் தொடங்கும். அதற்குப் பதினெட்டு வயதுப் பெண் என்ன பதில் சொல்வாள், அவள் புருஷன் என்ன சொல்வான் என்பதையும் அளக்க வேண்டும்.

நல்லெண்ணம் ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், நிஜக் குழந்தை போல அழும் பொம்மையைப் பள்ளிப் பெண்களிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் திட்டம் இருந்தது. பிள்ளை வளர்ப்பதன் கஷ்டம் புரிந்தால் பயந்து விலகுவார்கள் என்பது நினைப்பு. 57 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 13 முதல் 15 வயதுப் பெண்களை 20 வயது வரை தொடர்ந்து பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பொம்மை வாங்கிய பெண்களில் 8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்திருந்தது. வாங்காதவர்களில் 4 சதவீதம். கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் பொம்மை வாங்கியவர்களில் 9 சதவீதம், வாங்காதவர்களில் 6. ஒப்பிட ஆள் வைக்காமல் இருந்திருந்தால், ‘பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள்’ என்று அறிக்கை எழுதி இன்றைக்கும் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது நம் நாட்டிலேயே. ஹரியானாவில் 1994இல் தொடங்கிய ‘அப்னி பேட்டி அப்னா தன்’ திட்டத்தில், பெண் பிறந்ததும் அவள் பேரில் அரசு சேமிப்புப் பத்திரம். 18 வயது வரை கல்யாணம் ஆகாமல் இருந்தால் பணம். பின்னாளில் ஆராய்ந்தபோது 18க்கு முன் நடக்கும் கல்யாணங்கள் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. பல குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கல்யாணச் செலவுக்கு அரசு தருவதாகவே எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டின் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி 2022இல் ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் படிக்க மாதம் 1,000 ரூபாய் என்று ஆனதை இந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். பணம் எதற்குத் தரப்படுகிறது என்று வீடு புரிந்துகொள்கிறதோ அதுதான் விளைவு.

படி 3: திட்டம் நடந்ததா என்று முதலில் பாருங்கள்

நடக்காத வகுப்புக்குப் பலனைத் தேடி என்ன பயன்? நான் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாம் பாடம் கருத்தடை. அக்கா புத்தகத்தைத் திறந்தார், ஜன்னலைப் பார்த்தார், “இதெல்லாம் உங்களுக்கே தெரியும்” என்று சொல்லி இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோயில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பள்ளிகளில் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வியை 2007இல் மகாராஷ்டிரா, கர்நாடகா உட்படப் பல மாநிலங்களே எதிர்த்து நிறுத்தியிருக்கின்றன. ஒரு அக்கா என்ன செய்வார்? ஆனால் அறிக்கையில் ‘12 பாடங்களும் முடிந்தன’ என்று இருந்தது.

நாலு வகுப்புக்கு ஒன்றாவது முன்னறிவிப்பு இல்லாமல் போய் உட்காருங்கள். எந்தப் பாடம், எத்தனை நிமிடம், என்னென்ன கேள்வி வந்தது, எது தவிர்க்கப்பட்டது என்று குறித்துக்கொண்டால் போதும்.

படி 4: கேள்வி கேட்கும் முன் சட்டம்

இதில் அவசரப்படக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இன்படி 18 வயதுக்குக் குறைந்தவருடனான பாலுறவு, அவர் சம்மதித்திருந்தாலும், குற்றம். அப்படி நடந்தது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் கொடுத்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அதாவது 16 வயதுப் பெண்ணிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து, பெயரெழுதிய படிவத்தில் “உனக்கு எப்போதாவது நாள் தள்ளிப்போச்சா?” என்று கேட்டால், அவள் சொல்லும் பதில் உங்களைக் காவல் நிலையம் வரை கொண்டுபோய் விடலாம், அவளையும் சேர்த்து.

29 செப்டம்பர் 2022 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் கொடுக்கும் தகவலில் அவள் பெயரும் அடையாளமும் தேவையில்லை என்றது. அது மருத்துவருக்கான வழி. கணக்கெடுக்கப் போகிற நமக்கு அதைப் பொருத்திக்கொள்ள முடியாது.

ஆகவே, தனிநபர் பதிலைப் பெயரோடு சேர்க்காத முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெண் தானாகத் தனக்கு நடந்ததைச் சொன்னால் என்ன செய்வோம், யாரிடம் கொண்டுபோவோம், 1098 குழந்தைகள் உதவி எண்ணை எப்போது கூப்பிடுவோம் என்பதைக் கேள்வி கேட்கும் முன்பே அவளுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் எழுத்தில் அவளுடைய இசைவும் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக மகள் உட்கார வேண்டும் என்பதில்லை. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆய்வு யாருக்கும் தீங்கில்லாமல் நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பக்கத்தில் இருக்கும் சமூகப்பணிக் கல்லூரியையோ மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், முன்கூட்டியே போங்கள்.

படி 5: அவர்கள் பேசும் தமிழில் கேளுங்கள், பெட்டியில் பதில் வாங்குங்கள்

எங்கள் முதல் படிவத்தில் ‘கருத்தடைச் சாதனங்கள் குறித்து அறிவீர்களா?’ என்று இருந்தது. தாராவித் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; பள்ளிக்கூடம் இந்தியிலோ மராத்தியிலோ இங்கிலீஷிலோ. படித்துக் காட்டினால்கூட ‘சாதனம்’ என்ற சொல்லுக்கு ஒரு பெண் மிக்ஸியா என்று கேட்டாள். ‘நாள் தள்ளிப்போறது’, ‘மாசமா இருக்கிறது’, ‘தலைக்கு ஊத்துறது’, ‘மாத்திரை’, ‘காப்பர் டி’ என்று அவர்கள் வாயில் வரும் சொற்களை முதலில் பொறுக்குங்கள். அதற்கு ஐந்தாறு பெண்களோடு ஒரு மதியம் சும்மா உட்கார்ந்து பேசினாலே போதும். கேள்வித்தாளை ஒரு பெண் குரலில் பதிவு செய்து போட்டுக் கேட்கவைப்பது இன்னும் வசதி.

அறிவைச் சோதிக்கும் கேள்விகள் ‘சரியா தவறா’ என்று இருந்தால், வகுப்புக்கு முன் வைத்த தேர்வில் பார்த்ததை நினைவு வைத்து, வகுப்பு முடிந்தபின் வைக்கும் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பதில் ஒரு நிலைமையைச் சொல்லுங்கள்: “உன் தோழிக்குப் பதினாறு வயசு. மாப்பிள்ளை பார்த்தாச்சுன்னு வீட்ல சொல்றாங்க. அவ யார்கிட்டப் போவா?” இதற்கு வரும் பதிலை மனப்பாடம் செய்ய முடியாது.

கூச்சமான கேள்விகளுக்கு வாக்குப்பெட்டி முறையைச் சொல்வேன். கர்நாடகாவில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களின் பலனை அறியப் பயன்படுத்திய முறை இது. பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் அட்டைத் தடுப்பு, கேள்வி எண் எழுதிய சீட்டுக் கட்டு, ‘ஆமாம்’ ‘இல்லை’ என்று இரண்டு பெட்டி கொடுக்க வேண்டும். ஒருவர் கேள்வியைச் சத்தமாக வாசிப்பார்; அந்த எண் சீட்டை எடுத்து ஏதாவது ஒரு பெட்டியில் போட வேண்டும். முடிந்ததும் எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால், ‘12 பேரில் 3 பேர் ஆமாம்’ என்று மட்டும் தெரியும். யார் என்று நமக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு கேள்வி சாதாரணமாக இருக்கட்டும், ‘இன்றைக்குக் காலையில் டீ குடித்தாயா’ என்பது போல, முறை பிடிபடும்.

நாங்கள் முதலில் பிஸ்கட் டப்பாவைப் பெட்டியாக வைத்தோம். கனமான அட்டைச் சீட்டு தகரத்தில் விழுந்தால் ‘டக்’ என்று கேட்கும். இடதுபக்க டப்பாவில் சத்தம் கேட்டதும் பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். அடுத்த கேள்வியிலிருந்து எல்லோரும் ‘இல்லை’ டப்பாவிலேயே போட்டார்கள். அந்த அமர்வையே தள்ளிவிட்டு, அடுத்த வாரம் துணிப்பை தைத்துக் கொண்டுபோனோம். இந்த முறையில் ஒரே பெண்ணை வருடா வருடம் தொடர முடியாது, குழுவாக மட்டுமே ஒப்பிடலாம். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

படி 6: யாரோடு ஒப்பிடுவது, எத்தனை பேர்?

நான்காவது சுற்று தேசிய ஆய்வில் (2015-16) 7.9 சதவீதமாக இருந்த பதின்வயதுத் தாய்மை ஐந்தாவது சுற்றில் 6.8 ஆகக் குறைந்தது. உங்கள் வகுப்பு நடக்காத இடங்களையும் சேர்த்துத்தான் இந்தக் குறைவு. எனவே, ‘முன்பு இத்தனை, இப்போது இத்தனை’ என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

ஒப்பிட ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா போலத் தமிழ்க் குடும்பங்கள் அடர்த்தியாக வாழும் வேறு பகுதியை எடுக்கலாம். பக்கத்துச் சந்து வேண்டாம். சித்தி மகள் வகுப்பில் கேட்டது அன்று ராத்திரியே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ‘எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை’ என்ற வருத்தம் வராமல் இருக்க, அந்தப் பகுதிக்கு அடுத்த வருடம் வகுப்பு என்று சொல்லி, எந்தப் பகுதி முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் மதிப்பீடும் வலுவாகும்.

கற்பனைக் கணக்கு ஒன்று. பத்தாவதுக்குப் பிறகு படிப்பைத் தொடர்கிறவர்கள் வகுப்பு நடந்த பகுதியில் 60இலிருந்து 75 சதவீதம் ஆனார்கள்; ஒப்பிடும் பகுதியில் 62இலிருந்து 72. வகுப்பின் பலன் 15 அல்ல. 15இல் 10 போக மீதி 5.

எண்ணிக்கை விஷயத்தில் சின்ன அமைப்புகள் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். கர்ப்பம் 8 சதவீதத்திலிருந்து 4 ஆகப் பாதியாகக் குறைந்ததா என்று ஓரளவு உறுதியாகக் காட்டவே இரண்டு பக்கமும் தலா 550 பேர் வேண்டும். ஒரே சந்து, ஒரே பள்ளி என்று கூட்டம் கூட்டமாக எடுத்தால் அதற்கும் மேல். உங்களிடம் 120 பெண்கள்தான் என்றால் கர்ப்பத்தைக் குறைத்தோம் என்று எழுதவே எழுதாதீர்கள். படிப்பு தொடர்ந்ததா, கல்யாணப் பேச்சு வந்ததா, அப்போது யாரிடம் பேசினாள் என்று நடுக்கட்டங்களை அளந்து, அதை மட்டும் சொல்லுங்கள்.

படி 7: வராதவளைத் தேடுங்கள்

எங்கள் அறிக்கை பொய்யானது இங்கேதான். மறுபடியும் கற்பனைக் கணக்கு: சேர்ந்தவர்கள் 120. கடைசியில் இருந்தவர்கள் 84. அவர்களில் 80 பேருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கர்ப்பமும் இல்லை. 84க்கு 80, அதாவது 95 சதவீதம் வெற்றி என்று எழுதலாம். நானும் அப்படித்தான் எழுதினேன். காணாமல் போன 36 பேரில் எல்லோருக்கும் கல்யாணம் ஆகியிருந்தால் 120க்கு 80, 67 சதவீதம். ஒருவருக்கும் ஆகவில்லை என்றால் 97. உண்மை 67க்கும் 97க்கும் நடுவில் எங்கோ. அந்த 36 பேரைத் தேடத் தேட இந்த இடைவெளி சுருங்கும்.

வராமல் போனவர்கள் சும்மா வராமல் போனவர்கள் இல்லை. பெரியமனுஷி ஆனதும் பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவள், பையனோடு பேசியது தெரிந்து ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேற்றப்பட்டவள், மே லீவுக்குப் போய் அத்தை மகனுக்குப் பேசி முடிக்கப்பட்டவள் எல்லாம் இதில்தான் இருப்பார்கள். திட்டம் யாருக்காகவோ அவர்கள்தான் முதலில் பதிவேட்டிலிருந்து விழுகிறார்கள்.

சேரும் அன்றே மூன்று போன் நம்பர் வாங்குங்கள்: அம்மாவுடையது, மும்பையிலேயே இருக்கும் ஒரு சொந்தக்காரருடையது, ஊரில் ஒருவருடையது. ஊர் என்றால் மாவட்டம் போதாது. கிராமம், தெரு, யார் வீடு என்று வேண்டும். வீடு மாறுகிறவர்களும் ஏராளம். வாடகை ஏறினால் திவா, நாலாசோப்பாரா என்று போய்விடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஜூன் நடுவில் பள்ளி திறந்ததும் ஒருமுறை கூப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் முகூர்த்தங்கள். போனில் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது; போன் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. “பாப்பா எப்படி இருக்கா? எந்த ஸ்கூல்ல சேர்த்திருக்கீங்க?” போதும். “படிப்பை நிறுத்திட்டோம்” என்று சொல்லும் குரலிலேயே பாதி விவரம் வந்துவிடும். பதிவேட்டில் பெயரை அடிக்கும் வழக்கத்தை விடுங்கள். தேதி, காரணம், சொன்னது யார் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

படி 8: பதிவேடுகள்

ஆஸ்பத்திரிப் பிரசவப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போடலாம் என்று தோன்றும். இரண்டு சிக்கல். பதினேழு வயதுப் பெண்ணை அழைத்து வரும் குடும்பம் பதிவு மேசையில் பத்தொன்பது என்று சொல்லும். இன்னொன்று, நம் பக்கத்துத் தலைப்பிரசவ வழக்கம்: இங்கே வளர்ந்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள் பிரசவத்துக்கு இங்கே வருவாள், ஊரிலிருந்து மருமகளாக வந்தவள் அங்கே போவாள். அந்தப் பதிவேடு தாராவியின் கணக்கு ஆகாது. அங்கன்வாடிப் பணியாளரான சேவிகாவிடமும், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆரோக்ய சேவிகாவிடமும் பேசுங்கள். யார் வீட்டில் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், பெயரைக் கேட்காதீர்கள்.

படி 9: முடிவைச் சொல்வது

நிதி தருகிறவருக்கான அறிக்கையில் முதல் பக்கத்திலேயே சேர்ந்தவர்கள் எத்தனை, கடைசியில் கிடைத்தவர்கள் எத்தனை என்று போடுங்கள். நடத்தாத பாடங்களையும் போடுங்கள். பலன் இல்லை என்று வந்தால் இல்லை என்றே எழுதுங்கள். திட்டம் தவறா, திட்டம் நடக்கவே இல்லையா என்று பிரித்துச் சொல்ல படி 3இல் எடுத்த குறிப்பு கைகொடுக்கும். ஒரு பெண்ணுக்கு ஆன செலவையும் ஒரு வரியில் சேர்த்தால் அடுத்த வருடப் பேச்சுவார்த்தை சுலபம்.

பிறகு அதே முடிவைச் சந்துக்குள் கொண்டுபோய்ச் சொல்லுங்கள், தமிழில், படம் போட்டு. சின்ன எண்ணிக்கையில் கவனம்: ‘எட்டாவது சந்தில் ஒரு பெண்’ என்று சொன்னால் அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைந்த எந்த எண்ணையும் தனியாகக் காட்டாதீர்கள்.

நாங்கள் இரண்டாம் முறை முடிவைச் சொல்லப் போனது ஒரு ஞாயிறு சாயங்காலம். இருபது இருபத்தைந்து அம்மாக்கள், சிலர் இட்லி வியாபாரத்தை முடித்து ஈரக்கையோடு. விழுக்காட்டுக் கணக்கெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பின்னால் இருந்த ஒருவர், “எல்லாம் சரி தம்பி. பொட்டப்புள்ளைகளை உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தீங்க. பயலுகளை எப்ப உக்கார வைப்பீங்க?” என்று கேட்டார். எங்கள் படிவத்தில் அவர்களுக்கென்று ஒரு கேள்விகூட இல்லை. மூன்றாவது சுற்றுக்கான படிவத்தில் முதலில் சேர்த்த பக்கம் அதுதான்.